மக்களாட்சி மீட்சியில் பன்னாட்டுக் காரணிகள் (இந்தியா, 1975–1977)

மக்களாட்சி மீட்சியில் பன்னாட்டுக் காரணிகள் என்பது, எதேச்சாதிகார ஆட்சியிலிருந்து ஒரு நாடு மக்களாட்சிக்கு மாறும்போதோ மீளும்போதோ அந்நாட்டின் எல்லைக்கு வெளியிலிருந்து செயற்படும் தாக்கங்களைக் குறிக்கும். வல்லரசுகளின் ஆதரவும் எதிர்ப்பும், கடனுதவி நிபந்தனைகள், வெளிநாட்டு ஊடகங்கள், பன்னாட்டு அமைப்புகள், புலம்பெயர்ந்தோரின் செயற்பாடுகள், அண்டை நாடுகளின் நிகழ்வுகள் முதலியன இவற்றுள் அடங்கும். இந்தியாவில் ஜூன் 25, 1975 முதல் மார்ச் 21, 1977 வரை நடைமுறையில் இருந்த நெருக்கடி நிலையும் அதன் முடிவும் இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வுகளாகும். வெளியிலிருந்து கடுமையான அழுத்தம் ஏதும் இல்லாமலே ஒரு பெரிய நாடு தேர்தல் வழியாக மக்களாட்சிக்குத் திரும்பியது என்பதால் இது மற்ற நாடுகளின் அனுபவங்களிலிருந்து வேறுபடுகிறது. எனினும் வெளியுலகத்தின் பங்கு முற்றிலும் இல்லாமல் போகவில்லை. அப்பங்கு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கருத்தாக்கம்

அரசியல் அறிவியலில் மக்களாட்சி மாற்றம் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் உள்நாட்டுக் காரணிகளுக்கே முதன்மை அளித்தன. பொருளாதார வளர்ச்சி, நடுத்தர வகுப்பின் தோற்றம், ஆளும் குழுவினருக்குள் ஏற்படும் பிளவு ஆகியவையே பெரிதும் பேசப்பட்டன. அமெரிக்க அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன் 1991 இல் வெளியிட்ட மூன்றாம் அலை பற்றிய நூல், வெளிக்காரணிகளுக்கும் உரிய இடம் கொடுத்தது. ஏப்ரல் 25, 1974 இல் போர்த்துகலில் நிகழ்ந்த புரட்சியை அவர் இவ்வலையின் தொடக்கமாகக் கொண்டார். ஐரோப்பியச் சமூகம், கத்தோலிக்கத் திருச்சபை, ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் கொள்கை மாற்றங்களும், ஒரு நாட்டைப் பார்த்து இன்னொரு நாடு மாறும் போக்கும் இதில் பங்காற்றின என்பது அவரது கருத்து. 1975 இல் இந்தியாவில் ஏற்பட்ட மாற்றத்தை அவர் முந்தைய எதிரலையின் பகுதியாகவும், 1977 இன் மீட்சியை மூன்றாம் அலை ஆசியாவுக்கு வந்ததன் அடையாளமாகவும் குறிப்பிடுகிறார்.

பிரித்தானிய அறிஞர் லாரன்ஸ் வைட்ஹெட் பன்னாட்டுத் தாக்கத்தைத் தொற்று, கட்டுப்பாடு, இசைவு என மூன்றாகப் பிரித்தார். அண்டை நாட்டைப் பார்த்து மாறுவது தொற்று. வெளிநாடு ஒன்று தன் வலிமையால் மாற்றத்தைத் திணிப்பது கட்டுப்பாடு. உள்நாட்டவர் வெளியுலக நெறிகளைத் தாமே விரும்பி ஏற்பது இசைவு. பின்னர் ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூக்கன் வே ஆகிய இருவரும் மேலைநாடுகள் ஓர் அரசின்மீது செலுத்தக்கூடிய அழுத்தத்தின் அளவையும், அந்நாட்டுக்கும் மேலைநாடுகளுக்கும் இடையிலான தொடர்புகளின் செறிவையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்றனர். கல்வி, வணிகம், ஊடகம், குடிப்பெயர்வு ஆகியவற்றால் உண்டாகும் செறிந்த தொடர்பே நிலைத்த பயன் தருகிறது என்பது அவர்களது முடிவு. இந்திய நிகழ்வை விளங்கிக்கொள்ள இப்பிரிவு மிகவும் உதவுகிறது. 1975 இல் இந்தியாமீது வெளிநாடுகள் செலுத்தக்கூடிய அழுத்தம் குறைவு. ஆனால் ஆங்கிலக் கல்வி, நாடாளுமன்ற மரபு, வெளிநாடுகளில் வாழ்ந்த படித்த இந்தியர்கள் ஆகியவற்றின் வழியான தொடர்பு மிகுதி.

பின்னணி

நெருக்கடி நிலைக்கு இட்டுச்சென்ற சூழலிலும் வெளிக்காரணிகள் இருந்தன. 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி ஏதிலிகள் இந்தியாவுக்குள் வந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் போர் மூண்டது. அடுத்து வந்த வறட்சியும், 1973 இன் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை நான்கு மடங்கு உயர்ந்ததும் விலைவாசியைக் கடுமையாக ஏற்றின. 1974 இல் பணவீக்கம் 20 விழுக்காட்டைத் தாண்டியது. குஜராத்திலும் பீகாரிலும் மாணவர் போராட்டங்கள் எழுந்தன. ஜெயப்பிரகாஷ் நாராயண் அவற்றுக்குத் தலைமை ஏற்றார். 1974 மே மாதத்தில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நாடு தழுவிய இரயில்வே வேலைநிறுத்தம் நடந்து ஒடுக்கப்பட்டது.

ஜூன் 12, 1975 இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, ராஜ் நாராயண் தொடுத்த வழக்கில் பிரதமர் இந்திரா காந்தி ராய்பரேலியில் பெற்ற 1971 ஆம் ஆண்டு வெற்றி செல்லாது எனத் தீர்ப்பளித்தார். ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் பக்ருதின் அலி அகமது, அரசியலமைப்பின் 352 ஆவது பிரிவின்கீழ் உள்நாட்டுக் குழப்பத்தைக் காரணம் காட்டி நெருக்கடி நிலையை அறிவித்தார். 1971 டிசம்பரில் போரை முன்னிட்டு அறிவிக்கப்பட்ட வெளிநாட்டு ஆபத்து தொடர்பான நெருக்கடி நிலை அப்போதும் விலக்கப்படாமலே இருந்தது என்பது பலர் கவனிக்கத் தவறும் செய்தியாகும். எனவே அந்நாட்களில் நாட்டில் இரு நெருக்கடி நிலைகள் ஒருங்கே நடைமுறையில் இருந்தன.

பின்னர் அமைக்கப்பட்ட ஷா ஆணையத்தின் கணக்குப்படி, உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் (மிசா) 34,988 பேரும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 75,818 பேரும் கைது செய்யப்பட்டனர்.

அரசுத் தரப்பு, நெருக்கடி நிலையை நியாயப்படுத்தவும் வெளிநாட்டையே சுட்டியது. அயல்நாட்டுச் சக்திகள் இந்தியாவைச் சீர்குலைக்க முயல்கின்றன என்பது அக்காலத்தில் அடிக்கடி கூறப்பட்ட வாதம். செப்டம்பர் 11, 1973 இல் சிலியின் தலைவர் சால்வடோர் அயெந்தே இராணுவப் புரட்சியில் வீழ்த்தப்பட்டது இந்திரா காந்தியை ஆழமாகப் பாதித்திருந்தது. ஆகஸ்ட் 15, 1975 இல் வங்காளதேசத் தலைவர் சேக் முஜிபுர் ரகுமான் குடும்பத்தினர் பலருடன் கொல்லப்பட்டதும் இவ்வச்சத்தை வலுப்படுத்தியது. ஆக, பன்னாட்டுக் காரணி என்பது எப்போதும் மக்களாட்சியின் பக்கமே சாயும் என்று கொள்ளுதல் தவறு. இங்கு அது முதலில் எதேச்சாதிகாரத்துக்கே துணைநின்றது.

வல்லரசுகளின் நிலைப்பாடு

சோவியத் ஒன்றியம் நெருக்கடி நிலையை வெளிப்படையாக ஆதரித்தது. ஆகஸ்ட் 9, 1971 இல் கையெழுத்தான இந்திய–சோவியத் உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது. வலதுசாரிகளின் சதியை முறியடிக்கும் நடவடிக்கையாகவே சோவியத் இதழ்கள் நெருக்கடி நிலையை வருணித்தன. இந்தியப் பொதுவுடைமைக் கட்சியும் இதே நிலைப்பாட்டை எடுத்தது. இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிஸ்ட்) இதற்கு எதிராக நின்றது. 1976 ஜூன் மாதத்தில் இந்திரா காந்தி மாஸ்கோ சென்று வந்தார்.

ஐக்கிய அமெரிக்காவின் நிலை சற்றுச் சிக்கலானது. 1971 போரின்போது இரு நாட்டு உறவு முறிவின் விளிம்புக்குச் சென்றிருந்தது. அமெரிக்கப் பொருளாதார உதவியும் அப்போதே நிறுத்தப்பட்டிருந்தது. உதவியே இல்லாதபோது அதை நிறுத்துவதாக அச்சுறுத்தவும் இயலாது. அதிபர் ஜெரால்ட் போர்டு 1975 செப்டம்பரில் செய்தியாளரிடம் இந்தியாவின் நிலை குறித்து வருத்தம் தெரிவித்தார். ஆனால் அவரது அரசு இதனை இந்தியாவின் உள்விவகாரமாகவே கருதி நடந்தது. நாடாளுமன்றத் தளத்தில் மட்டும் சிறு அசைவு இருந்தது. டொனால்ட் பிரேசர் தலைமையிலான அமெரிக்கக் கீழவைத் துணைக்குழு 1976 ஜூனிலும் செப்டம்பரிலும் இந்தியாவில் மனித உரிமை நிலை பற்றி விசாரணை அமர்வுகளை நடத்தியது.

பிரித்தானியாவை ஆண்ட தொழிற்கட்சியும் பிளவுபட்டே இருந்தது. இந்திய விடுதலைக்கு ஆதரவளித்த அதன் மூத்த தலைவர்களுள் ஒருவரான மைக்கேல் பூட் இந்திரா காந்தியின் பக்கம் நின்றார். அதே கட்சியின் பென்னர் பிராக்வே, பிலிப் நோயல்-பேக்கர் போன்றோர் சிறைப்பட்டவர்களை விடுவிக்க வேண்டும் என்றனர். அணிசேரா நாடுகள் மௌனம் காத்தன. 1976 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாட்டில் இந்திரா காந்தி வழக்கமான மதிப்புடனேயே வரவேற்கப்பட்டார். அம்மாநாட்டில் கூடிய அரசுகளுள் பலவும் ஒருகட்சி ஆட்சியையோ இராணுவ ஆட்சியையோ கொண்டிருந்தவை.

கடனுதவியும் பொருளாதாரமும்

உலக வங்கி தலைமையிலான இந்திய உதவிக் குழுமம் தனது உதவியைக் குறைக்கவில்லை. வேலைநிறுத்தங்கள் நின்றதும் விலைவாசி இறங்கியதும் கடன் வழங்குவோருக்கு நிறைவளித்தன. 1975 இல் பருவமழை நன்கு பெய்து 1975–76 இல் உணவுதானிய உற்பத்தி ஏறத்தாழ 12 கோடி டன்னை எட்டியது. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற தொழிலாளர் அனுப்பிய பணத்தால் அந்நியச் செலாவணிக் கையிருப்பும் பெருகியது. இதனால் வெளிநாட்டுத் தானியத்தையோ கடனையோ காட்டி இந்தியாவைப் பணியவைக்கும் வாய்ப்பு 1960களில் இருந்த அளவுக்கு இல்லாமற் போயிற்று.

இதில் மிகவும் வருந்தத்தக்க பகுதி குடும்பக் கட்டுப்பாடு தொடர்பானது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துமாறு மேலைநாட்டு அரசுகளும் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் இந்தியாவை வற்புறுத்தி வந்தன. 1976–77 இல் மட்டும் 81 இலட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வட மாநிலங்களில் இவற்றுள் பல வற்புறுத்தலின் பேரில் செய்யப்பட்டவை. 1976 நவம்பரில் இந்தியா வந்த உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்னமாரா மக்கள்தொகைத் திட்டத்தில் அரசு காட்டிய உறுதியைப் பாராட்டினார். வெளியுலகம் தந்த ஊக்கம் இங்கு ஒடுக்குமுறைக்கு உரமாயிற்று. ஆயினும் அதே கட்டாயக் கருத்தடைதான் 1977 தேர்தலில் வட இந்திய வாக்காளரை ஆளுங்கட்சிக்கு எதிராகத் திருப்பிய பெருங்காரணமாயிற்று.

தணிக்கையும் வெளிநாட்டு ஊடகமும்

நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டவுடன் இதழ்களுக்கு முன்தணிக்கை விதிக்கப்பட்டது. தகவல், ஒலிபரப்பு அமைச்சராக இருந்த ஐ. கே. குஜ்ரால் மாற்றப்பட்டு வி. சி. சுக்லா பொறுப்பேற்றார். தணிக்கை விதிகளுக்குக் கட்டுப்படுவதாக வெளிநாட்டுச் செய்தியாளரும் கையொப்பமிட வேண்டும் என அரசு கோரியது. வாசிங்டன் போஸ்ட் இதழின் லூயிஸ் சைமன்ஸ் முதலில் வெளியேற்றப்பட்டார். 1975 ஜூலையில் இலண்டன் டைம்ஸ், டெய்லி டெலிகிராப், நியூஸ்வீக் ஆகியவற்றின் செய்தியாளரும் வெளியேற வேண்டியதாயிற்று. பி.பி.சி. நிறுவனம் கையொப்பமிட மறுத்ததால் அதன் தில்லிச் செய்தியாளர் மார்க் டல்லியும் நாட்டை விட்டுச் சென்றார்.

அரசு எதிர்பார்த்ததற்கு நேர்மாறான விளைவே ஏற்பட்டது. வெளியேற்றப்பட்ட செய்தியாளர்கள் தணிக்கையின்றி எழுதினர். உள்நாட்டில் அகில இந்திய வானொலியின்மீது நம்பிக்கை குறையக் குறைய, சிற்றலை வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் பி.பி.சி. போன்ற வெளிநாட்டு ஒலிபரப்புகளை நாடினர். தலைமறைவுத் துண்டறிக்கைகளில் வெளிநாட்டு இதழ்களின் செய்திகள் மொழிபெயர்க்கப்பட்டுக் கைக்குக் கை சென்றன. ஏப்ரல் 28, 1976 இல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு தொடுக்கும் உரிமை இல்லை எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. நீதிபதி எச். ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். உள்நாட்டு இதழ்கள் அவரை வெளிப்படையாகப் பாராட்ட இயலாத அந்நாட்களில், நியூயார்க் டைம்ஸ் தனது தலையங்கத்தில் அவருக்கு இந்தியர்கள் நினைவுச்சின்னம் எழுப்புவர் என்ற கருத்துப்பட எழுதியது.

மறுபுறம், பன்னாட்டு அரங்கின் மொழியையே அரசும் தணிக்கைக்கு ஆதரவாகப் பயன்படுத்தியது. 1976 பெப்ரவரியில் நான்கு செய்தி நிறுவனங்கள் சமாச்சார் என்ற ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் புதுதில்லியில் அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனக் கூட்டமைப்பு பற்றிய மாநாடு கூட்டப்பட்டது. மேலைநாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆதிக்கம் என்பது உண்மையான குறைபாடே. எனினும் அக்குறையைப் பேசிய அரசு அதே வேளையில் தன் நாட்டுச் செய்தியாளரைச் சிறையில் வைத்திருந்தது.

புலம்பெயர்ந்தோரும் சோசலிச அகிலமும்

அரசுகள் செய்யாததைச் சிறு குழுக்கள் செய்தன. ஆகஸ்ட் 15, 1975 இல் இலண்டன் டைம்ஸ் இதழில் ஜெயப்பிரகாஷ் நாராயணனை விடுவிக்கக் கோரும் முழுப்பக்க விளம்பரம் வெளியானது. இந்தியாவின் விடுதலை நாளில் மக்களாட்சியின் விளக்கு அணைய விடலாகாது என்பது அதன் பொருள். ஐக்கிய அமெரிக்காவில் இந்திய மாணவரும் தொழில் வல்லுநரும் சேர்ந்து மக்களாட்சிக்கான இந்தியர்கள் என்னும் அமைப்பைத் தொடங்கி, செய்தி மடல் வெளியிட்டு, ஆர்ப்பாட்டங்களையும் நடத்தினர். இத்தகைய செயற்பாட்டாளர் சிலரின் கடவுச்சீட்டுகள் முடக்கப்பட்டன. வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி கைது ஆணையைத் தவிர்த்து ஐக்கிய அமெரிக்காவில் தங்கினார்.

சென்னையில் பிறந்தவரும் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவருமான சுப்பிரமணியன் சுவாமி வெளிநாடுகளில் பரப்புரை செய்துவந்தார். அவர்மீது பிடி ஆணை இருந்தது. ஆகஸ்ட் 10, 1976 இல் அவர் எதிர்பாராத வகையில் மாநிலங்களவைக்குள் தோன்றி, வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு, அவையில் குரல் எழுப்பிவிட்டு மீண்டும் நாட்டை விட்டு வெளியேறினார். அரசின் காவல் வலை எவ்வளவு ஓட்டையானது என்பதை இந்நிகழ்வு வெளிநாட்டு இதழ்களின் வழியே உலகுக்குக் காட்டியது.

ஜார்ஜ் பெர்னாண்டஸ் ஜூன் 10, 1976 இல் கல்கத்தாவில் கைது செய்யப்பட்டபோது சோசலிச அகிலத்தின் தொடர்புகள் பயன்பட்டன. மேற்கு செருமனியின் முன்னாள் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட், ஆஸ்திரியத் தலைமை அமைச்சர் புரூனோ கிரைஸ்கி, சுவீடன் பிரதமர் ஓலோப் பால்மே ஆகியோர் அவரது பாதுகாப்பு குறித்து இந்திரா காந்திக்கு நேரடியாகச் செய்தி அனுப்பினர். அவரது தம்பி லாரன்ஸ் ஏற்கெனவே காவல்துறையினரால் கொடிய வதைக்கு உள்ளாக்கப்பட்டிருந்தார் என்பதை நினைவிற்கொண்டால் இத்தலையீட்டின் பொருள் விளங்கும். வெளிநாட்டுத் தலைவர் பெயர் சொல்லிக் கேட்ட ஒரு கைதிக்கு ஓரளவு பாதுகாப்பு கிட்டியது. யாரும் பெயர் சொல்லிக் கேட்காத கைதிகளுக்கு அது கிட்டவில்லை. கேரளத்தில் பொறியியல் மாணவர் ராஜன் 1976 மார்ச் மாதத்தில் காவலில் இறந்ததை, நெருக்கடி நிலை நீங்கிய பிறகே அவரது தந்தையால் நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது.

தேர்தல் அறிவிப்பு

நாடாளுமன்றத்தின் பதவிக்காலம் இருமுறை நீட்டிக்கப்பட்டிருந்த நிலையில், ஜனவரி 18, 1977 இல் இந்திரா காந்தி மார்ச் மாதத்தில் தேர்தல் நடைபெறும் என அறிவித்தார். அவரை யாரும் வற்புறுத்தாத வேளையில் வந்த இவ்வறிவிப்பு அனைவருக்கும் வியப்பளித்தது. மகன் சஞ்சய் காந்தி இம்முடிவை விரும்பவில்லை.

இதற்கான காரணங்கள் பற்றி வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வெற்றி உறுதி என்று உளவுத்துறை கூறியதாகச் சிலர் சுட்டுவர். பாகிஸ்தான் பிரதமர் சுல்பிகார் அலி பூட்டோ ஜனவரி 7, 1977 இல், அதாவது பதினொரு நாட்களுக்கு முன்னர், தம் நாட்டில் தேர்தலை அறிவித்திருந்ததைச் சிலர் நினைவூட்டுவர். பாகிஸ்தானே தேர்தலுக்குச் செல்லும்போது நேருவின் மகள் அதைத் தவிர்ப்பது எப்படி என்ற கேள்வி எழுந்திருக்கும் என்பது இவர்களது வாதம். வைட்ஹெட்டின் சொல்லில் இது தொற்று ஆகும். மனித உரிமையைத் தம் பரப்புரையில் முன்வைத்த ஜிம்மி கார்ட்டர் 1976 நவம்பரில் அமெரிக்க அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் சேர்த்துக் கூறுவோர் உண்டு. ஆனால் அவர் பதவியேற்றது ஜனவரி 20 அன்று. எனவே அவரது அரசின் செயல் எதுவும் இம்முடிவுக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

இவற்றுள் எதையும்விட, இந்திரா காந்தி தம்மைப் பற்றிக் கொண்டிருந்த உருவகம் வலிமையான விளக்கமாகத் தோன்றுகிறது. நெருக்கடி நிலைக் காலம் முழுவதும் அவர் வெளிநாட்டு ஊடகங்களுக்குத் தொடர்ந்து பேட்டியளித்து, தாம் சர்வாதிகாரி அல்லர் என்று விளக்கி வந்தார். பிராங்கோவோ பினோசெயோ இவ்வாறு விளக்கமளிக்கத் தேவை உணரவில்லை. தம் தந்தையின் நண்பர்களும் தம் நண்பர்களும் இருந்த வட்டத்திலிருந்தே அவருக்குக் கண்டனம் வந்தது. அமெரிக்கத் தோழி டோரதி நார்மனுடனான நீண்டகால நட்பும் இக்காலத்தில் பாதிப்புற்றது. இது வைட்ஹெட் கூறிய இசைவின் பாற்படும். தடையோ படையோ செய்யாததை, தாம் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோலால் தாமே அளக்கப்படுகிறோம் என்ற உறுத்தல் ஓரளவு செய்தது.

மார்ச் 16 முதல் 20 வரை தேர்தல் நடந்தது. 542 இடங்களில் காங்கிரசு 154 இடங்களையே பெற்றது. உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும் பீகாரின் 54 இடங்களிலும் அது ஒன்றைக்கூட வெல்லவில்லை. இந்திரா காந்தி ராய்பரேலியில் தோற்றார். பெர்னாண்டஸ் சிறையிலிருந்தவாறே முசாபர்பூரில் வென்றார். மார்ச் 21 அன்று உள்நாட்டு நெருக்கடி நிலையும், மார்ச் 27 அன்று 1971 ஆம் ஆண்டின் நெருக்கடி நிலையும் விலக்கப்பட்டன. இடையே மார்ச் 24 அன்று மொரார்ஜி தேசாய் பிரதமரானார்.

தமிழ்நாடு

தமிழ்நாட்டின் அனுபவம் வட இந்தியாவினதிலிருந்து வேறானது. மு. கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு நெருக்கடி நிலையை எதிர்த்தது. அதனால் முதல் ஏழு மாதங்கள் வட மாநில எதிர்க்கட்சியினர் பலருக்குத் தமிழ்நாடு புகலிடமாக இருந்தது. ஜனவரி 31, 1976 இல் அவ்வரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. தி.மு.க.வினரும் திராவிடர் கழகத்தினரும் பெருமளவில் மிசாவின்கீழ் சிறைப்பட்டனர். சென்னை மத்திய சிறையில் தாக்குதலுக்குள்ளான நாடாளுமன்ற உறுப்பினர் சி. சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அச்சிறை நிகழ்வுகளை நீதிபதி மு. மு. இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

மாநிலத்தில் சட்டமன்றமே இல்லாதிருந்த மார்ச் 23, 1976 இல், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் இந்திய–இலங்கைக் கடல் எல்லையை வரையறுக்கும் உடன்பாடு கையெழுத்தானது. 1974 இல் கச்சத்தீவு உடன்பாட்டை எதிர்த்துத் தீர்மானம் இயற்றிய அவை, இம்முறை கருத்துக் கூறவும் வாய்ப்பு இருக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 1977 மார்ச் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 34 ஐ அ.தி.மு.க.–காங்கிரசு–இந்தியப் பொதுவுடைமைக் கட்சிக் கூட்டணியே வென்றது. வெளியுலகக் கருத்தின் எல்லை எது என்பதை இம்முடிவு காட்டுகிறது. எடுத்துக்காட்டாக, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த விருத்தாச்சலத்தைக் கொள்ளலாம். பீங்கான் பொருள்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்களும் இரயில் சந்திப்பும் சுற்றிலும் வேளாண் சிற்றூர்களும் கொண்ட ஊர் அது. சூளைக்கு விறகும் எண்ணெயும் என்ன விலை, நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கிறதா, தி.மு.க.வா எம்.ஜி.ஆரா என்பனவே அத்தகைய ஊர்களின் வாக்காளருக்கு நெருக்கமான கேள்விகள். இலண்டன் இதழின் விளம்பரமோ வாசிங்டன் விசாரணையோ அவர்களை எட்டும் வழி தணிக்கையால் அடைபட்டிருந்தது. கட்டாயக் கருத்தடையின் கொடுமையும் வடக்கே இருந்த அளவுக்கு இங்கு இல்லை. துர்க்மான் வாயிலில் வீடுகள் இடிக்கப்பட்டதும் சுடப்பட்டதும் தில்லியைச் சுற்றிலும் வாய்மொழியாகப் பரவின. விருத்தாச்சலத்துக்கு அச்செய்தி வந்து சேர மொழியும் தொலைவும் தடையாயின. ஆந்திரம் 42 இல் 41 ஐயும் கருநாடகம் 28 இல் 26 ஐயும் காங்கிரசுக்கே அளித்தன என்பதையும் இங்குச் சேர்த்து நோக்க வேண்டும். தமிழ்நாட்டு வாக்காளர் மக்களாட்சியை வெறுத்தனர் என இதற்குப் பொருள் கொள்வது பொருந்தாது. மூன்று மாதங்களில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் காங்கிரசையும் தவிர்த்து அ.தி.மு.க.வை ஆட்சியில் அமர்த்தினர். ஜூன் 30, 1977 இல் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சரானார்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

எசுப்பானியா, போர்த்துகல், கிரேக்கம் ஆகியவற்றுக்கு ஐரோப்பியச் சமூகத்தில் சேரும் வாய்ப்பு ஒரு பரிசாக முன்நின்றது. மக்களாட்சி நாடுகளுக்கே அதில் இடமுண்டு என்ற விதி இருந்தது. கிரேக்கம் 1981 இலும் மற்ற இரண்டும் 1986 இலும் சேர்ந்தன. 1986 இல் பிலிப்பைன்சில் மார்க்கோசு வீழ்ந்தபோது, அவரைத் தாங்கி நின்ற ஐக்கிய அமெரிக்கா கைவிட்டதும், அவரை அவாய்க்கு ஏற்றிச் சென்றதும் முடிவை விரைவுபடுத்தின. 1989 இல் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் படைகள் தலையிடா என்ற உறுதி பல ஆட்சிகளைச் சில மாதங்களிலேயே சரித்தது. தென்னாப்பிரிக்காவில் பொருளாதாரத் தடைகளும் விளையாட்டுப் புறக்கணிப்பும் நீண்ட காலம் செயற்பட்டன.

இந்தியாவுக்கு இத்தகைய பரிசும் இல்லை, தடையும் இல்லை, கைவிடுவதற்கு ஒரு புரவலரும் இல்லை. இதற்கு நல்ல பக்கமும் உண்டு. 1977 இன் முடிவை அயலார் ஏற்பாடு என்று தோற்றவரால்கூடச் சொல்ல முடியவில்லை. 1977 ஜூலையில் பூட்டோ இராணுவத்தால் அகற்றப்பட்ட பாகிஸ்தானில் அதே ஆண்டு தொடங்கிய தேர்தல் வழி இராணுவ ஆட்சியில் முடிந்தது. இரு நாடுகளையும் சூழ்ந்த உலகம் ஒன்றே ஆயினும் நீதிமன்றம், தேர்தல் ஆணையம், அரசியலில் தலையிடாத இராணுவம் ஆகிய உள்நாட்டு நிறுவனங்கள் வேறாக இருந்தன.

விளைவுகள்

புதிய அரசு பன்னாட்டு உறவில் பெருமாற்றம் செய்யவில்லை. சோவியத் வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ 1977 ஏப்ரலிலேயே தில்லி வந்தார். 1971 உடன்படிக்கை தொடர்ந்தது. 1978 ஜனவரியில் இந்தியா வந்த கார்ட்டர் நாடாளுமன்றத்தில் உரையாற்றி இந்திய வாக்காளரைப் பாராட்டினார். மார்க் டல்லி தில்லிக்குத் திரும்பினார். சமாச்சார் கலைக்கப்பட்டு 1978 இல் பழைய செய்தி நிறுவனங்கள் மீண்டும் இயங்கின.

1978 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 44 ஆவது திருத்தம், உள்நாட்டுக் குழப்பம் என்ற சொற்களை நீக்கி ஆயுதக் கிளர்ச்சி என மாற்றியது. அமைச்சரவையின் எழுத்து வடிவிலான பரிந்துரை இல்லாமல் நெருக்கடி நிலை அறிவிக்கப்படலாகாது எனவும் அது விதித்தது. ஏப்ரல் 10, 1979 இல் இந்தியா, குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இணைந்தது. அவ்வுடன்படிக்கை 1976 மார்ச் மாதத்திலேயே, அதாவது நெருக்கடி நிலை உச்சத்தில் இருந்தபோதே, உலக அளவில் நடைமுறைக்கு வந்திருந்தது. 1976 ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுத் தீர்ப்பு 2017 இல் தனியுரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வால் தவறானதெனத் தள்ளப்பட்டது. நீதிபதி கன்னாவின் மாறுபட்ட தீர்ப்பே சரியானது என அவ்வமர்வு ஏற்றுக்கொண்டது.